ஆறு நாள் ஆராதனை

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்பர்நாத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களைக் காண்பவர்கள் நம்மைப் பற்றி நல்லெண்ணமே கொள்வார்கள். துவைத்து மடித்த உடை, எண்ணெய் தடவி வாரிய தலை, கையில் திருமறை, பிள்ளைகளின் உள்ளங்கையில் இறுகப் பிடித்த காணிக்கைக் காசு. தாய்நாட்டை விட்டு நெடுந்தொலைவு வந்த பின்னும் தமிழில் பாடித் தமிழில் ஜெபிக்கும் பேற்றினை நாம் இழக்கவில்லை. இது மகிழ்தற்குரிய செய்தியே. ஆயினும் வாரத்திற்கு நாட்கள் ஏழு. ஞாயிற்றை ஆண்டவருக்குக் கொடுத்தோம். எஞ்சிய ஆறு நாட்களை யாருக்குக் கொடுக்கிறோம்? இவ்வினாவைப் பற்றியே இம்மாதம் நம் அன்பர்களோடு சிறிது சிந்திக்க விழைகிறோம். கிறிஸ்தவக் குடும்பங்களை முன்னிறுத்தி எழுதினாலும், வினா எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானதே.

திங்கட்கிழமை விடியும் விதம் நாம் அறிந்ததுதான். குழாயடியில் குடங்கள் வரிசையாகின்றன. அடுப்பு பற்றுகிறது. டிபன் டப்பா மூடப்படுகிறது. ஒருவர் தொழிற்சாலையின் முதல் ஷிப்டுக்கு விரைகிறார்; மற்றொருவர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சத்ரபதி சிவாஜி நிலையத்தை நோக்கி லோக்கல் வண்டியில் தொற்றிக்கொள்கிறார். மாலையில் வீடு திரும்பும்போது உடலில் வலுவும் இல்லை, உள்ளத்தில் அமைதியும் இல்லை. இந்த ஓட்டத்தில் இறைவனுக்கு இடம் எங்கே என்று பலர் பெருமூச்செறிகிறார்கள். இடம் இல்லை என்று எண்ணுவதற்குக் காரணம், இறைவனை மகிமைப்படுத்துதல் என்பதை ஆலயத்திற்குள் மட்டுமே நிகழும் செயலாகக் கருதுவதே ஆகும்.

யாரும் காணாத இடம்

நாம் வாழும் ஊர் இறைவன் பெயரையே தாங்கி நிற்பது. இங்குள்ள பழம்பெரும் சிவாலயம் சிலாகார மன்னர் காலத்தது. அதன் கல்வெட்டு காட்டும் ஆண்டு கி.பி. 1060. மகாசிவராத்திரியன்று அங்குத் திரளும் மக்கள் வெள்ளத்தை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவ்வாலயத்தின் வெளிச்சுவர்களை உற்று நோக்கியவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கண்ணுக்கு நேரே நிற்கும் பகுதியில் மட்டுமன்று, அண்ணாந்து பார்த்தாலும் எளிதில் புலப்படாத உயரத்திலும் சிற்பி தன் உளியைச் செவ்வையாகவே நடத்தியிருக்கிறான். யார் பார்க்கப் போகிறார்கள் என்று அவன் எண்ணியிருந்தால் பாதி வேலையை விட்டிருக்கலாம். மனிதர் காணாவிட்டாலும் காண்பவர் ஒருவர் உண்டு என்னும் உணர்வு அவன் கையை நடத்தியது போலும்! நம் சமயம் வேறாயினும், இவ்வுணர்வு நாம் கற்றுக்கொள்ளத்தக்கது.

புலம்பெயர்ந்த நமக்கு இது மிகவும் வேண்டப்படுவது. திருநெல்வேலிச் சீமையின் கிறிஸ்தவ ஊர்களில் பிறந்தவர்கள், அங்கு வாழ்வு எவ்வாறு காக்கப்பட்டது என்பதை அறிவார்கள். மாலையில் ஆலய மணி அடிக்கும். ஜெபத்திற்கு வராதவர் யார் என்று உபதேசியார் அறிவார். சாராயக் கடைப் பக்கம் ஒருவன் ஒதுங்கினால் மறுநாள் அவன் பாட்டனார் காதுக்குச் செய்தி எட்டிவிடும். ஊரே ஒரு கண்ணாக இருந்தது. அந்தக் கண் இங்கு இல்லை. நாம் இன்னார் மகன், இன்னார் பேத்தி என்பதை இங்கு யாரும் அறியார். சம்பளக் கவருடன் எந்தப் பக்கம் திரும்பினாலும் கேட்பவர் இல்லை. ஊர்க்கண் காத்த ஒழுக்கம் ஊர்க்கண் இல்லாத இடத்திலும் நிற்குமா? நம் விசுவாசம் பழக்கமா, உயிருள்ளதா என்பது இங்கேதான் தெரியவரும்.

தச்சுப் பட்டறையும் தோல் கிடங்கும்

நாம் வணங்கும் பெருமான் நாசரேத்தில் தச்சராக வாழ்ந்தவர். அவர் மக்களுக்குப் போதித்த காலம் சில ஆண்டுகளே. அதற்கு முன் கழிந்த நெடுங்காலம் வாழ்வின் பெரும்பகுதி. அந்த ஆண்டுகளைப் பற்றித் திருமறை மிகச் சிலவே கூறுகிறது. நுகத்தடியும் கதவும் செய்த அக்கைகள் அப்போதும் தந்தையின் திருவுளத்தையே நிறைவேற்றின என்பதில் ஐயமில்லை. பவுலடிகள் கூடாரம் செய்யும் தொழிலைக் கைவிடாமல் உழைத்துத் தம் உணவைத் தேடினார். உண்பதும் பருகுவதும் உள்ளிட்ட எச்செயலும் இறைவனின் மகிமைக்காக ஆகவேண்டும் என்று கொரிந்து நகரத்தாருக்கு அவர் எழுதினார். உணவையும் நீரையும் அவர் சுட்டியதை நோக்குக. பெருஞ்செயல்களை விடுத்து, நாள்தோறும் தவறாது செய்யும் சிறுசெயல்களையே எடுத்துக்காட்டினார்.

தாராவியில் வாழ்ந்த நம் முன்னோருக்கு நெருக்கமான நிகழ்ச்சி ஒன்றும் திருமறையில் உண்டு. பேதுரு யோப்பா பட்டினத்தில் பல நாள் தங்கியது, கடலோரத்தில் குடியிருந்த தோல் பதனிடும் சீமோன் என்பவன் இல்லத்தில் ஆகும். அத்தொழில் செய்வோரைத் தீட்டுடையோர் என்று சமூகம் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. அந்த வீட்டின் மேல்தளத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தபோதுதான், இறைவன் தூய்மையாக்கியதைத் தீட்டென்று சொல்லலாகாது என்னும் பேருண்மை பேதுருவுக்கு வெளிப்பட்டது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பம்பாய்க்கு வந்த தமிழர்கள் பலர், மாகிம் கழிமுகத்தை ஒட்டிய தாராவியில் தோல் பதனிடும் கிடங்குகளில் சுண்ணாம்பு நீரிலும் நாற்றத்திலும் உழைத்தார்கள். அத்தொழில் இப்போது அங்குப் பெரும்பாலும் ஓய்ந்து, தோல் பொருள் செய்யும் பட்டறைகளே எஞ்சியுள்ளன. இறைவன் தம் பெரிய செய்தியை வெளியிட ஒரு தோல் தொழிலாளியின் வீட்டைத் தேர்ந்தெடுத்தார் என்பதை அவ்வுழைப்பாளிகளின் பேரப்பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தருதல் வேண்டும். இழிந்த தொழில் என்று ஒன்றில்லை. இழிந்த முறையில் செய்யும் தொழில் மட்டுமே உண்டு.

மேலை நாட்டில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லாரன்ஸ் சகோதரரும் இவ்வுண்மையை வாழ்ந்து காட்டியவர். பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் அவருக்குக் கிடைத்த பணி சமையலறைப் பணி. பின்னாளில் துறவிகளின் காலணிகளைத் தைக்கும் வேலையும் அவருடையதாயிற்று. படிப்பாளியும் அல்லர், குருவும் அல்லர். பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும் திருவிருந்தின் முன் முழந்தாளிட்டிருக்கும்போது போலவே இறைவனோடு இருக்க இயலும் என்று அவர் கண்டார். அவர் மறைந்து (1691) மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அவருடைய உரையாடல்களும் மடல்களும் அடங்கிய சிறுநூல் உலகெங்கும் படிக்கப்படுகிறது. நம் தாய்மார்களுக்கு அவர் உடன்பிறந்தார் போன்றவர் அல்லரோ?

பிடியரிசியின் பெருமை

சமையலறை என்றதும் நம் நாட்டு வழக்கம் ஒன்று நினைவுக்கு வருகிறது. உலையில் இடுவதற்கு அரிசியை அளந்தபின், அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் இடுவதே அது. கலயம் நிறைந்ததும் அது ஆலயத்திற்கோ ஏழைகளுக்கோ செல்லும். இதன் நுட்பத்தை உணர வேண்டும். உண்டு மிஞ்சியதைக் கொடுப்பதன்று இது. உண்பதற்கு முன்னே எடுத்து வைப்பது. கையில் காசில்லாத வீட்டுப் பெண்ணும் கொடுக்கக்கூடியது. நாள்தோறும், அடுப்பு மூட்டும் நேரத்தில், ‘இவ்வுணவு எமதன்று; நீர் தந்தது’ என்று சொல்லாமற் சொல்லும் வழிபாடு.

மலையாள நாட்டில் குரியாக்கோஸ் ஏலியாஸ் சாவறா அடிகளார் (1805–1871) இவ்வழக்கத்தைக் கல்விக்குப் பயன்படுத்தினார். ஒவ்வோர் ஆலயத்தின் அருகிலும் பள்ளிக்கூடம் அமைய வேண்டும் என்று 1864இல் அவர் பணித்தார். பள்ளிக்கு வரும் ஏழைப் பிள்ளைகள் பசியோடிருந்தால் எழுத்து ஏறாது என்பதறிந்து, இல்லந்தோறும் பிடியரிசி திரட்டி நண்பகல் உணவு அளிக்க வழிசெய்தார். 2014ஆம் ஆண்டில் திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது. வடகிழக்கே மிசோ மலைநாட்டுக் கிறிஸ்தவப் பெண்கள் 1910 முதற்கொண்டு சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி அரிசியைப் பிரித்து வைத்து வருகிறார்கள். வறிய மலைமக்களின் அக்கைப்பிடிகள் சேர்ந்து அங்குள்ள திருச்சபைப் பணிகளுக்குப் பெருந்துணையாகியிருக்கின்றன.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதும் அன்று. காஞ்சி சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் பிடியரிசித் திட்டத்தை இல்லத்தரசிகளிடையே வலியுறுத்தியதை நம் இந்து அன்பர்கள் அறிவார்கள். சமயங்கள் பலவாயினும் பசி ஒன்றே. அதைத் தீர்க்கும் கையும் ஒரே வகைக் கையே.

அம்பர்நாத்தில் ஒரே சுவருக்கு இருபுறமும் பல மதத்தார் வாழ்கிறோம். ஒரு வீட்டில் வேலை போயிற்று என்றாலும், ஒருவர் மருத்துவமனையில் கிடக்கிறார் என்றாலும், மறுவீட்டுக்கு மறுநாளே தெரிந்துவிடும். அவ்வேளையில் பிடியரிசிக் கலயம் நிறைந்திருக்கும் வீடு, யாரிடம் கேட்பது என்று தயங்காது. முந்தானையில் மறைத்து எடுத்துச் சென்று கொடுத்துவிட்டு வந்துவிடும். விதவையின் இரு காசுகளைப் பெருமான் போற்றியது தொகையைக் கண்டன்று, கொடுத்த உள்ளத்தைக் கண்டேயன்றோ?

நீதிபதியின் நாற்காலி

அடுப்படியிலிருந்து அலுவலகத்திற்கு வருவோம். ஆறு நாள் ஆராதனைக்குத் தமிழ்நாடு தந்த சிறந்த சான்று மாயூரம் வேதநாயகம் பிள்ளை அவர்களே. 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் தோன்றிய அப்பெரியார், நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றி, பின்னர் முன்சீப் ஆனார். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் அவர் நீதி வழங்கினார். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை (1879) எழுதியவர் என்றே பலரும் அவரை அறிவர். அவர் தம் நாற்காலியில் எவ்வாறு அமர்ந்தார் என்பதே இங்கு நமக்கு வேண்டிய செய்தி.

அக்காலத்தில் கைக்கூலி என்பது அலுவலகங்களில் தண்ணீர் போல் ஓடிற்று. வழக்குக்கு வருபவன் எழுத்தருக்கும் சேவகனுக்கும் கொடுத்த பின்னரே நீதியின் வாயிலை எட்டிப் பார்க்க இயலும். வேதநாயகம் பிள்ளை அதனைத் தொடாததோடு நில்லாமல் எழுத்தாலும் எதிர்த்தார். 1859இல் வெளியான நீதிநூலில் கைக்கூலியைக் கண்டித்தார். நீதிமன்றத்தில் தமிழே ஒலிக்கவேண்டும் என்று வாதாடினார். தன் வழக்கு என்னவென்று தனக்கே விளங்காத குடியானவனின் நிலை அவர் நெஞ்சை வருத்தியது. 1805 முதல் 1861 வரையிலான நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் வெளியிட்டார். பெண்கல்விக்காக நூல் எழுதியதோடு, மாயூரத்தில் பெண்களுக்கென்று பள்ளியும் நிறுவினார்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது ஆண்டுப் பஞ்சத்தில் அவர் தம் பொருளைக் கொண்டு கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், அவ்வீகையைப் போற்றி ஒரு கீர்த்தனையே பாடினார். சைவப் பேரறிஞர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவருக்கு உயிர்நண்பர். அவரைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்துக் கோவை இயற்றினார். தம் விசுவாசத்தில் உறுதியாய் நின்று மாதாவின் மீதும் பாடல்கள் புனைந்த அவர், எம்மதத்தாரும் பாடத்தக்க சர்வசமய சமரசக் கீர்த்தனைகளையும் இயற்றினார். இறைபுகழுடன் உத்தியோக ஒழுக்கமும் குடும்ப வாழ்வும் அதில் பாடுபொருளாயின. உத்தியோகத்தையும் குடும்பத்தையும் கீர்த்தனைக்குரிய பொருளாகக் கண்ட உள்ளம், ஞாயிற்றையும் திங்களையும் பிரித்துப் பார்க்காத உள்ளம்.

நம்முள் எத்தனை பேர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம்! நகராட்சி அலுவலகத்தில், கிடங்கில், பில் போடும் மேசையில், மேஸ்திரிப் பணியில். ஒரு கையெழுத்துக்காகக் காத்திருப்பவனின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கும் அந்த ஒரு கணமே நம் பலிபீடம். பாடலைக் கேட்க மறுத்து, நீதி ஆறாகப் பெருகவேண்டும் என்று இறைவன் கேட்டதாக ஆமோஸ் தீர்க்கதரிசி முழங்கினார். தராசில் கள்ளம் வைத்துக்கொண்டு பண்டிகை கொண்டாடியவர்களை நோக்கியே அவர் அதனைச் சொன்னார். நம் வீட்டு மளிகைக் கடைக்காரரும், நம் வீட்டுக் காண்டிராக்டரும் அச்சொல்லுக்குச் செவிசாய்த்தல் நன்று.

வேற்றுமொழி நாட்டில்

ஊரைவிட்டு வந்த நமக்கு மற்றொரு பெரியாரின் வாழ்வும் வழிகாட்டும். வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்தார். 1903இல் பாளையங்கோட்டையில் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கத்தை நிறுவியவர்களுள் அவர் முதன்மையானவர். இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் மேற்பார்வை என்பது அச்சங்கத்தின் கொள்கை. 1909இல் அவர் தம் பதவியை விட்டு, ஐதராபாத் நிசாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்துடன் சென்றார். அங்குத் தமிழ் இல்லை, தெலுங்கே வழங்கிற்று. ஏறக்குறைய 35 வயதில் புதுமொழி ஒன்றைக் கற்று, சிற்றூர் சிற்றூராகச் சென்று, நிலமற்ற ஏழைக் கூலிமக்களோடு பழகினார். 1912 டிசம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவில் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். ஆங்கிலிக்கத் திருச்சபையில் அப்பதவியை அடைந்த முதல் இந்தியர் அவரே.

பதவியைக் காட்டிலும் அவர் கற்பித்த வாழ்க்கை முறையே பெரிது. அன்றாடக் கூலி வாங்கும் மக்களும் கொடுக்கும் மக்களாக இருக்கவேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். அவர்கள் தானியமும் கோழியும் காய்கறியும் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். கிறிஸ்தவன் கொடுப்பதைப் பற்றி அவர் தனிநூலே எழுதினார். பிரசங்கத்தைக் காட்டிலும் குடிகாரனாயிருந்தவன் குடியை விட்டதும், அழுக்கு நீங்கிய குடிசையும், சண்டை ஓய்ந்த தெருவும் அக்கம்பக்கத்தாரிடம் உரக்கப் பேசின. 1939இல் நிறைவெய்திய தோர்ணக்கல் பேராலயத்தில் இந்தியக் கட்டடக் கலையின் சாயலைக் காணலாம். வந்த நாட்டின் மண்ணோடு ஒன்றவேண்டும் என்னும் அவர் உள்ளத்திற்கு அக்கற்கள் சாட்சி.

நாம் மராட்டிய மண்ணில் பிழைக்கிறோம். இம்மண் நமக்குச் சோறிட்டது. அண்டை வீட்டு அம்மையாரோடு நாலு சொல் மராத்தியில் பேசத் தெரிந்துகொள்வதும், அவர் வீட்டுக் கணபதி நாளில் வாழ்த்துவதும், நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரத்தை முதலில் அவருக்கு அனுப்புவதும் இறைவனுக்கு மகிமை சேர்ப்பனவே. அந்நியனை நேசிக்க வேண்டும் என்று திருமறை மீண்டும் மீண்டும் கட்டளையிடுகிறது. இவ்வூரில் அந்நியராக வந்தவர் நாமே ஆதலின், அக்கட்டளையின் இனிமையை நம்மைவிட அறிந்தவர் யார்?

இடிக்க வேண்டிய சுவர்

இனிக் கூறப்போவது சிலருக்குக் கசக்கலாம். மருந்து கசப்பதென்பதற்காக மறைத்தல் தகாது. தமிழ்க் கிறிஸ்தவ வாழ்வில் இறைவனின் பெயருக்குப் பெரிய இழுக்கைத் தேடித் தந்தது சாதி. கன்னியாகுமரிக்கு அண்மையிலுள்ள வடக்கன்குளத்தில் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம் இருபிரிவாகக் கட்டப்பட்டது. இரு சாதியார் ஒருவரையொருவர் பாராமல் ஒரே பீடத்தைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். இரு கால்கள் பிரிவது போன்ற அமைப்பினால் மக்கள் அதற்குக் காற்சட்டைக் கோயில் என்றே பெயரிட்டனர். இடையில் நின்ற தடுப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. புராட்டஸ்டண்டு சபைகளும் இதற்கு விலக்கல்ல. திருச்சபைக்குள் சாதி வேற்றுமையை உடனே முற்றிலும் கைவிட வேண்டும் என்று பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை விடுத்தபோது, தென்னாட்டுச் சபைகள் பலவற்றில் பெருங்கலகம் மூண்டது. கட்டளையை ஏற்பதினும் சபையை விட்டு விலகுதலே மேல் என்று கருதினோரும் இருந்தனர்.

கல்லாலான சுவர் இடிந்தது. மனத்திலுள்ள சுவர்? லோக்கல் வண்டியில் தோளோடு தோள் இடித்து நிற்கும்போது யாரும் யாருடைய சாதியையும் கேட்பதில்லை. ஒரே குழாயில் நீர் பிடிக்கிறோம். ஒரே கடையில் இட்லி உண்கிறோம். ஆனால் பெண்ணுக்கு வரன் தேடும் நாள் வந்ததும், திருமறையை மேசையில் வைத்துக்கொண்டே முதற்கேள்வியாக எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்கும் வழக்கம் நம் மக்களிடையே மறையவில்லை. தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதே என்பதைக் குழந்தையும் அறியும். அதன்பின் சீர்வரிசையும் நகையும் பேசப்படுகின்றன. திருமண வழிபாட்டில் பாடல் மட்டும் குறைவின்றி ஒலிக்கிறது. யோப்பாவில் தோல் தொழிலாளியின் மேல்தளத்தில் பேதுரு கற்ற பாடத்தை, மாகிம் கழிமுகத்தருகில் வாழ்ந்த மக்களின் வழிவந்தோர் மறத்தலாகுமா? திருநெல்வேலி ஊர்களின் அசனப் பண்டிகையில் பந்தியில் ஒருங்கே அமர்ந்து ஒரே சோற்றை உண்பதன் பொருள் என்ன? பந்தியில் ஒன்றானவர்கள் சம்பந்தத்திலும் ஒன்றாகும் நாளில் அப்பண்டிகை நிறைவுபெறும்.

இல்லந்தோறும் செய்யத்தக்கவை

பெரிய தீர்மானங்கள் பெரும்பாலும் ஒரு வாரம் தாங்குவதில்லை. ஆதலின் சிறியனவாகவும் நாள்தோறும் செய்யக்கூடியனவாகவும் சிலவற்றை மட்டும் நம் குடும்பங்களின் முன் வைக்கிறோம்.

முதலாவது, மாலை ஜெபம். ஷிப்டு முறையினால் எல்லாரும் ஒருங்கே கூடுதல் அரிது. வீட்டில் இருக்கும் இருவரோ மூவரோ பத்து நிமிடம் அமர்ந்தால் போதும். இரவுப் பணியில் இருப்பவரின் பெயரைச் சொல்லி ஜெபித்தால், அவரும் அங்கு இருக்கிறார். திருமறையைப் பிள்ளைகள் தமிழில் வாசிக்கட்டும். ஆங்கிலமும் மராத்தியும் பயிலும் பிள்ளைக்குத் தாய்மொழி எழுத்து நிலைப்பதற்கு இதனினும் எளிய வழி இல்லை.

இரண்டாவது, பிடியரிசிக் கலயம். அரிசி வேண்டாமெனில் சம்பள நாளில் முதலில் எடுத்து வைக்கும் ஒரு சிறுதொகை. வாடகைக்கும் மளிகைக்கும் முன்னே அது பிரிக்கப்பட வேண்டும் என்பதே விதி. எவ்வளவு என்பதை அவரவர் உள்ளம் அறியும்.

மூன்றாவது, வேலையில் நேர்மை. இயந்திரத்தின் முன் நிற்கும் நேரத்திற்குக் கூலி வாங்குகிறோம். அந்த நேரத்தை முழுமையாகக் கொடுப்போம். சரியில்லாத உறுப்பைச் சரியென்று முத்திரையிட்டு அனுப்பினால் அது எங்கோ ஒருவன் கையைத் துண்டிக்கக்கூடும். நேர்மைக்குச் சில வேளைகளில் விலை கொடுக்க நேரும். ஓவர்டைமும் பதவி உயர்வும் நழுவலாம்; உடன் வேலை செய்வோர் பிழைக்கத் தெரியாதவன் என்று ஏளனம் செய்யலாம். அந்த இழப்பையும் காணிக்கையாகக் கொள்வோமாக. அவ்வாறு இழந்தவரைத் தாங்கிப் பிடிப்பது சபையின் கடமை, சங்கத்தின் கடமையும் ஆகும்.

நான்காவது, நான்காம் இருக்கை. மும்பை லோக்கல் வண்டியில் மூவர் அமரும் பலகையில் சிறிது ஒடுங்கி நாலாமவருக்கு இடம் கொடுக்கும் நல்வழக்கத்தை நாம் அனைவரும் அறிவோம். கல்யாணிலிருந்து நின்றுகொண்டே வரும் முதியவருக்கு நாம் ஒடுங்கித் தரும் அந்தச் சாண் அளவு இடம், நல்ல சமாரியன் தன் கழுதையில் கொடுத்த இடத்திற்கு ஒப்பானது. குழாயடியில் கைக்குழந்தையோடு நிற்பவளை முன்னே விடுவதும் அத்தகையதே.

ஐந்தாவது, நாவடக்கம். நெருங்கிய வீடுகளில் ஒரு வீட்டுச் சொல் பத்து வீட்டுக்குக் கேட்கும். கணவன் மனைவியரின் சினச்சொல்லும், அயலாரைப் பற்றிய புறஞ்சொல்லும் நாம் ஞாயிறன்று பாடிய பாடலை அழித்துவிடும். நம் வீட்டுச் சுவருக்கு அப்பால் இருப்பவர் திருமறையைப் படித்திருக்கமாட்டார், நம்மையே படிக்கிறார்.

முடிவுரை

இவை எல்லாம் எளியவை. எளியவை என்பதனாலேயே எளிதில் விடுபட்டுப் போகின்றன. ஆலயம் கட்டுவதற்கு ஆயிரவர் வேண்டும். அரிசியில் ஒரு பிடி எடுத்து வைப்பதற்கு ஒரு கை போதும். வேதநாயகம் பிள்ளை தம் நாற்காலியையும், அசரியா பேராயர் அயல்மொழி நாட்டையும், பெயர் தெரியாத எத்தனையோ தாய்மார் தம் அடுப்படியையும் இறைவனுக்குரிய இடமாக்கினார்கள். நமக்குக் கிடைத்த இடம் அம்பர்நாத். இங்குள்ள தொழிற்கூடமும் குழாயடியும் ரயில் மேடையும் நம் ஆலயத்தின் நீண்ட தாழ்வாரங்களே ஆகும்.

அன்பர்களே, வரும் ஞாயிறன்று ஆராதனை முடிந்து ஆசீர்வாதம் கூறப்படும்போது, வழிபாடு முடிந்தது என்று எண்ணாதிருப்போமாக. ஒரு நாள் வழிபாடு முடிந்து ஆறு நாள் வழிபாடு அப்போதுதான் தொடங்குகிறது.